பதினைந்து நாளுக்குள் ஒரு திருப்தி

புகார்ப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிற முதல் புத்திமதி, கோபக்காரர்களைச் சமாளிக்கக் கற்றுக்கொள் என்பது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பஸ் கம்பெனிகளில் புகார் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கோபக்காரர்கள் பெரிய தொந்தரவே இல்லை. கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், தண்ணீர் கொடுத்தால் குடிப்பார்கள், போய்விடுவார்கள். என் வேலையில் என்னைப் படுத்தி எடுத்தவர் கோபமே வராத ஒரு மனிதர். அவரால் ஒரு கண்டக்டருக்கு வேலை போகப் பார்த்தது. ஒரு டிரைவர் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தார். எங்கள் மேலாளர் தன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அப்படியும் அந்த மனிதர்மேல் ஒரு குற்றம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நான் கிளார்க். கடைத்தெருவும் பஸ் நிலையமும் சேருகிற மூலையில் எங்கள் அலுவலகம். ஒரு மேலாளர், நான், ஒரு பெஞ்சு, ஒரு புகார்ப் புத்தகம். தலைமை அலுவலகம் வெளியூரில் இருந்தது. அங்கே புதிதாக ஒரு பெரிய மேலாளர் வந்தார். வந்தவர் புகார்ப் புத்தகத்தை ஒழித்துவிட்டு, இங்கிலீஷிலும் தமிழிலும் அச்சடித்த ஒரு படிவம் அனுப்பினார். அதன் கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: ‘மேற்படி நடவடிக்கையால் எனக்கு முழுத் திருப்தி ஏற்பட்டது.’ கீழே புகார்தாரர் கையொப்பம். அந்தக் கட்டத்தில் கையெழுத்து விழும்வரை சம்பந்தப்பட்ட ஊழியர் வண்டி ஏறக் கூடாது. பதினைந்து நாளுக்குள் விழாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

படித்தபோது எனக்கு நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, மேலாளரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

படிவம் வந்த முதல் வாரத்திலேயே ஸ்ரீபால நைனார் வந்தார். அவலூர்பேட்டை ரோட்டில் புளியமரம் என்று ஒரு நிறுத்தம். அங்கே இறங்கி வயல் வழியாகப் போனால் அவருடைய ஊர். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் சமணக் குடும்பம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுவார், வாங்கி விற்கவும் செய்வார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடித்த குடை. வாசற்படியில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்ததால், அதைத் தாண்டிக் கால் வைக்க இடம் பார்த்து நின்று, பிறகு உள்ளே வந்தார்.

“தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். புகாருன்னு வெச்சிக்க வேணாம். நடந்ததைச் சொல்றேன்.”

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை நாலரை மணி வண்டியில் அவர் ஏறியிருக்கிறார். புளியமரத்தில் இறங்க வேண்டியவர். வண்டியின் பின்பக்கம் ஒரு சேவல் கூடையிலிருந்து கிளம்பிவிட, கண்டக்டர் ஏழுமலை அதைப் பிடிக்கிற கூட்டத்தில் இருந்தவன், விசில் கொடுக்க மறந்துவிட்டான். இரண்டு மைல் தள்ளித்தான் வண்டி நின்றது. நைனார் திரும்பி நடந்து வீடு சேருவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. சூரியன் மறைந்தபின் சமணர்கள் சாப்பிடுவதில்லை. அன்று பட்டினி.

நான் அதைப் படிவத்தில் எழுதினேன். ஏழுமலையைக் கூப்பிட்டேன். எனக்குத் தம்பி மாதிரி அவன். அவன் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவன், முதன்முதலாகக் காக்கி போட்டவன். அவனுடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தவர். மாதம் ஒருமுறை பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து, மகன் விசில் ஊதுவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஏழுமலை வந்து, நைனார் முன்னால் கைகட்டி நின்றான்.

“தப்பு என்னுதுதான் நைனாரே. மன்னிச்சிக்கோங்க.”

“நான் நேத்து வரப்புல நடக்கும்போதே மன்னிச்சிட்டேன்பா,” என்றார் நைனார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். நைனார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல திருப்தின்னு போட்டிருக்குதே.”

“ஆமாங்க. சும்மா ஒரு வார்த்தை.”

“திருப்தி இல்லியே தம்பி.”

“இப்பத்தானே மன்னிச்சேன்னீங்க?”

“மன்னிப்பு நான் குடுக்கறது. குடுத்துட்டேன். திருப்தி அதுவா வரணுமில்ல? வரல. வராததை வந்துச்சின்னு எழுதினா பொய். நாங்க பொய் சொல்றதில்ல.”

கையெழுத்துப் போடாவிட்டால் ஏழுமலைக்கு என்ன ஆகும் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. ஏழுமலையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். “அடடா,” என்றார். “பதினைஞ்சி நாள் இருக்குதில்ல? நானும் முயற்சி பண்றேன். நாளைக்கு வரேன்.”

வந்தார். தினமும் பத்து மணி வண்டியில் வந்து, எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, திருப்தி வருகிறதா என்று பார்த்தார். நான் அரை மணிக்கு ஒருமுறை கேட்பேன்.

“வந்துதுங்களா?”

“இல்லியே.”

“கிட்ட வந்துதா?”

“தெரியல தம்பி. நீ கேட்டதும் போயிடுச்சி.”

மூன்றாம் நாள் மேலாளர் விஷயத்தைத் தன் கையில் எடுத்தார். அவர் நல்ல மனிதர், எதையும் வயிற்றின் வழியாகச் சிந்திக்கிறவர். “பட்டினியால வந்த பிரச்சினைய்யா இது. சாப்பாட்டால தீரும். திருப்தின்னா என்ன? வயிறு ரொம்பறது,” என்றார். கடைத்தெரு மெஸ்காரரை அழைத்து வந்தார். உருளைக்கிழங்கு கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மண்ணுக்குள் விளைகிற எந்தக் கிழங்கும் கூடாது என்று நைனார் கூச்சத்தோடு சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். வெங்காயம் இல்லாத சாம்பாரா என்று மெஸ்காரர் மனம் உடைந்து போனார். ஆனாலும் செய்தார். மாலை நாலு மணிக்கு, சூரியன் நன்றாக இருக்கும்போதே, என் மேசைமேல் இலை போட்டோம். மூன்று டிரைவர்கள், இரண்டு கண்டக்டர்கள், ஒரு மெக்கானிக், நான், மேலாளர் எல்லோரும் சுற்றி நின்று நைனார் சாப்பிடுவதைப் பார்த்தோம். ஒரு மனிதர் மோர் ஊற்றிப் பிசைவதை அவ்வளவு கவலையோடு நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அவர் ஏப்பம் விட்டார். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான்.

“திருப்தியா நைனாரே?” என்றார் மேலாளர்.

“ரொம்பத் திருப்தி!”

மேலாளர் பேனாவை நீட்டினார். நைனார் கை கழுவி வந்து, மலர்ந்த முகத்தோடு கடைசிக் கட்டத்தில் எழுதினார்: ‘இன்று சாப்பிட்ட சாப்பாட்டில் முழுத் திருப்தி. பூசணிக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது. புளியமர விஷயம் அப்படியே இருக்கிறது.’ கையெழுத்தும் போட்டார்.

படிவம் வீணானது. எங்களுக்கு வந்தது மொத்தம் பன்னிரண்டு படிவம்.

ஆறாம் நாள் மேலாளர் வேறு வழி பிடித்தார். அன்று நடக்க வேண்டியது நடக்காமல் போனதால்தானே குறை? அதை நடத்திக் காட்டிவிட்டால்? நாலரை மணி வண்டியில் நைனாரை அதே இருக்கையில் உட்கார வைத்தோம். ஏழுமலை வேலையில் இல்லாததால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணியாக ஏறினான். நான் படிவத்தோடு ஏறினேன். புளியமரம் கண்ணில் பட்டதும் ஏழுமலை எழுந்து, தொண்டை நரம்பு புடைக்க, “புளியமரம்! புளியமரம் எறங்குறவங்க எறங்கு!” என்று கத்தினான். வண்டி மரத்தின் அடியிலேயே நின்றது. நைனார் இறங்கினார். வண்டி முழுக்க ஜன்னலில் தலை நீட்டிக் கேட்டது: “திருப்தியா நைனாரே?”

நைனார் மரத்தடியில் நின்று யோசித்தார். கால் மணி நேரம் யோசித்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

“இன்னிக்கு எறக்கினது இன்னிக்கு,” என்றார் கடைசியில். “அன்னிக்கிப் பொழுது அன்னிக்கே போயிடுச்சே தம்பி. அதை எப்படிக் கொண்டாறது?”

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வண்டியில் கத்தரிக்காய் மூட்டையோடு ஓர் அம்மாள் இருந்தார். வண்டி கால் மணி தாமதமானதால் அவலூர்பேட்டைச் சந்தையில் நல்ல இடம் போய்விட்டது என்று மறுநாள் நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டார். புகார் டிரைவர்மேல். புதுப் படிவம் எடுத்தேன். விதி விதிதானே, டிரைவரும் வண்டி ஏறக் கூடாது என்று ஆனது. எங்கள் கிளையில் இப்போது ஒரு திருப்திக்கு இரண்டு திருப்தி நிலுவை.

அந்த அம்மாள் இரண்டாம் நாள் மறுபடி வந்து, என்னை, டிரைவரை, மேலாளரை, பஸ்ஸை, பஸ்ஸைக் கண்டுபிடித்தவனை வரிசையாகத் திட்டினார். முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்கடா கைநாட்டு வெக்கணும்?” என்றார்.

“திருப்தியாம்மா?”

“பேஷா.”

டிரைவர் வேலைக்குத் திரும்பினார். எனக்குப் பொறி தட்டியது. பெஞ்சிலிருந்த நைனாரிடம் ஓடினேன். “நைனாரே, நீங்களும் ஏழுமலையைத் திட்டிப் பாருங்களேன்!”

அவர் தயங்கினார். ஆனால் முயற்சி செய்வதாகச் சொன்ன வாக்கு இருந்தது. ஏழுமலையை எதிரே நிறுத்தினோம். நைனார் தொண்டையைச் செருமினார். புருவத்தை நெரித்தார். “நீ…” என்றார். வெகுநேரம் கழித்து, “நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்பா,” என்றார். ஏழுமலை தேம்பித் தேம்பி அழுதான். நைனாருக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நின்று உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை எல்லோரும் நைனாருக்குத் திருப்தி வரவழைக்க ஓடினோமே தவிர, நாங்கள் கேட்கும் பொருள் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது ஒன்பதாம் நாள்தான் உறைத்தது. தாமதம்தான். ஆனால் நெருக்கடியில் ஓடுகிறவனுக்கு நின்று யோசிப்பது வேலை செய்யாமல் இருப்பது மாதிரித் தோன்றும். நீங்களும் ஓடுவீர்கள். ஒன்பதாம் நாளுக்கு முன்பே நில்லுங்கள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் இங்கிலீஷ் வாத்தியாரும் தமிழ் ஐயாவும் இருந்தார்கள். இங்கிலீஷ் வாத்தியார், படிவத்தின் இங்கிலீஷ் பாதியில் இருந்த ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்ற சொல்லை, தலையணை கனத்தில் இருந்த அகராதியில் தேடினார்.

“லத்தீன் சொல். ரெண்டு துண்டு. ‘சாட்டிஸ்’னா போதும். ‘ஃபாசெரே’னா செய்யறது. போதுமான அளவுக்குச் செய்யறது, அவ்வளவுதான். முதல் முதல்ல இதை மாதா கோயில்லதான் சொன்னாங்க. பாவம் பண்ணவன் அதுக்கு ஈடா செய்யற பரிகாரம். மனசு நிறையறதுங்கற அர்த்தமெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.”

“அப்ப இதுல மனசே கிடையாதா சார்?”

“வேர்ல கிடையாது. இன்னொரு அர்த்தமும் இருக்கு. அந்தக் காலத்துல வெள்ளைக்காரனை ஒருத்தன் அவமானப்படுத்திட்டா, ‘எனக்கு சாட்டிஸ்ஃபேக்‌ஷன் குடு’ன்னு கேப்பான். கத்திச் சண்டைக்கு வான்னு அர்த்தம்.”

தமிழ் ஐயா அதுவரை பொறுமையாக இருந்தார். “அது கிடக்கட்டும். தமிழ்ப் பாதியிலே திருப்தின்னு போட்டிருக்கானே, அது வடசொல். வயிறு நிறையறதுதான் அதுக்கு அடிப்படை. தர்ப்பணம்னு சொல்றோமே, எள்ளும் தண்ணியும் விடறது, அதுவும் அதே வேர்தான். செத்தவங்களை நிறைய வைக்கிறது. உயிரோட இருக்கற நைனார்கிட்ட இதைப் போய்க் கேட்டா அவர் என்ன பண்ணுவார்? ‘அமைந்தது’ன்னு போட்டிருக்கணும். அமையும்னாலே போதும்னுதான் பொருள்.”

“போதும்னா போதும்னே போட்டுட்டுப் போறது!” என்றார் இங்கிலீஷ் வாத்தியார்.

“போதும்கறது பேச்சு வழக்கு. படிவத்துக்கு ஒரு கௌரவம் வேணாமா?”

இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. ஒரு வகுப்பு முழுவதும் வாத்தியார் இல்லாமல் கொண்டாடியது. நான் நழுவி வந்து மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அதில் கத்திச் சண்டையைச் சேர்த்தது என் தவறு. மேலாளருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

“அப்ப அவரு மனசுல அதுதான் இருக்குதா?”

“ஐயோ சார், அவர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்.”

“அமைதியா இருக்கறவனைத்தான்யா நம்பக் கூடாது.”

மறுநாள் நைனார் தன் குடையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கம்பி ஒன்று உடைந்து நீட்டிக்கொண்டிருந்ததாம், யார்மேலாவது குத்திவிடக் கூடாதே என்று சுற்றியிருந்தார். மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீளமான, துணி சுற்றிய ஒரு பொருள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

இப்படியே பதினைந்தாம் நாள் வந்தது. ஏழுமலைக்கு முகத்தில் ரத்தம் இல்லை. பதினைந்து நாளும் அவன் காக்கியைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தான். சும்மா இருக்கக் கை வராமல், எந்த வண்டி எங்கே போகும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தானா அவனுடைய அப்பா வர வேண்டும்? மகன் வண்டியில் இல்லாததைப் பார்த்து, அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வரத் தயங்கி நின்றவரை நைனார்தான் கூப்பிட்டுப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்தார். கிழவர் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

“நான் ஏழுமல அப்பன் சாமி. எம்மவன் வண்டியில நீங்க வருவீங்களா? நல்லா டிக்கெட்டு போடறானா?”

நான் எழுந்தேன். ஏழுமலை எனக்கு முன்பே எழுந்தான். ஆனால் நைனாரிடம் ஒருவர் கேள்வி கேட்டாயிற்று. அவருக்கு வேறு வழி தெரியாது.

“நல்ல பையன். ஒரே ஒரு நாளு என்னை எறக்க மறந்துட்டான். ரெண்டு மைலு நடந்தேன். அதனால பதினைஞ்சி நாளா அவனுக்கு வேல இல்ல,” என்றார்.

கிழவர் தோளிலிருந்த துண்டை உருவினார். இருபத்து மூன்று வயது மகனை, காக்கிச் சட்டையோடு, அலுவலகத்துக்குள் துரத்தித் துரத்தி அடிக்க ஆரம்பித்தார். “பெரிய மனுசன நடக்க வுட்டியாடா? நடக்க வுட்டியா?”

“வுடு நைனா! வலிக்குது நைனா!” என்று கத்தினான் ஏழுமலை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்த ஸ்ரீபால நைனார், “நான் ஒண்ணும் பண்ணலியேப்பா!” என்று பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் துணி சுற்றிய குடை நீண்டது. அப்போதுதான் சத்தம் கேட்டு வெளியே வந்த மேலாளர், குடையைப் பார்த்ததும், “கத்தி!” என்று கூவிக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். அவர் போன வேகத்தில் மேசை சாய்ந்து, மைக்கூடு உடைந்தது. ஏழுமலை மையில் வழுக்கி விழுந்தான். கிழவர் அதையும் பொருட்படுத்தாமல் அடித்தார்.

நைனார் இருவருக்கும் நடுவில் போய் விழுந்தார். ஒரு துண்டடி அவர்மேலும் பட்டது. இரண்டு கையையும் விரித்து, அவர் வாயிலிருந்து நான் கேட்டேயிராத பெரிய குரலில் கத்தினார்:

“போதும்! ஐயா, போதும்! எனக்குப் போதும்!”

எல்லாம் நின்றது. கிழவரின் துண்டு அந்தரத்தில் நின்றது. எனக்கு மட்டும் இங்கிலீஷ் வாத்தியாரின் அகராதி கண் முன்னால் விரிந்தது.

“நைனாரே,” என்றேன். “உண்மையாவே போதுமா?”

“போதும்பா! இதுக்கு மேல என்ன இருக்குது?”

“பொய் இல்லியே?”

“பொய் சொல்லுவேனா? போதும்னா போதும்தான்.”

“அந்த ஒரு வார்த்தையை எழுதிக் குடுத்துடுங்க.”

மிச்சமிருந்த கடைசிப் படிவத்தில், திருப்தி என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்தில் இங்கிலீஷ் பாதியை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் நான் என் கையால் ‘சாட்டிஸ்ஃபைடு’ என்று எழுதினேன். சொல்லின் வேரைப் பார்த்தால் அணுவளவும் பிசகில்லாத மொழிபெயர்ப்பு. மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. ஏழுமலை வண்டி ஏறினான். நான் கெட்டிக்காரன் என்று மேலாளர் எல்லோரிடமும் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

எட்டு மாதம் போயிருக்கும். மல்லாட்டை பிடுங்கி முடிந்த சமயம். ஒரு காலை, நைனார் சிரித்த முகத்தோடு எறும்பைத் தாண்டி உள்ளே வந்தார்.

“தம்பி, வந்துடுச்சி!”

“யாரு நைனாரே?”

“திருப்தி. போன வெள்ளிக்கிழம. கெணத்தாண்ட நின்னு பல்லு வெளக்கினு இருந்தேன். திடீர்னு பார்த்தா, அந்தப் புளியமரத்து விஷயம் மனசுல எங்கியுமே இல்ல. தேடிப் பார்த்தேன். இல்ல. முழுசாத் திருப்தி. அதான் கையெழுத்துப் போட்டுட்டுப் போலாம்னு வந்தேன். படிவம் எடு.”

கோப்பு எட்டு மாதத்துக்கு முன்பே மூடியாயிற்று என்று சொல்லலாம். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அவர் போனதும் கிழிக்கலாம். வேர்ச்சொல், லத்தீன் என்று விளக்கலாம். எட்டு மாதமாக எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கூட்டு நன்றாக இருந்தது என்பதைக்கூட எழுதிக்கொடுத்த மனிதர் எதிரே நிற்கும்போது, அந்த விளக்கம் என் வாய்வரைகூட வரவில்லை.

“நைனாரே, அன்னிக்கே உங்களுக்குத் திருப்தின்னு நான் இங்கிலீஷ்ல எழுதிட்டேன்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். “எட்டு மாசமா என் பேருக்கு எதிர்ல அப்படி இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அந்தப் பையனுக்காகப் பண்ணே.”

“பாதி அவனுக்காக. பாதி, பதினைஞ்சாம் நாளுன்னு.”

நைனார் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “என் பக்கம் இப்ப சரியாப் போச்சி. உன் பக்கத்தை நீ பார்த்துக்கோ தம்பி,” என்றார். குரலில் கடுமை துளியும் இல்லை. அதனால்தான் அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ‘மேற்படி புகார்தாரருக்கு அன்றைய தேதியில் திருப்தி ஏற்படவில்லை, போதும் என்று மட்டுமே சொன்னார், நான்தான் மாற்றி எழுதினேன், திருப்தி சென்ற வெள்ளிக்கிழமை காலை ஏற்பட்டது, ஊழியர்மேல் தவறு எதுவும் இல்லை.’ பெரிய மேலாளரிடமிருந்து எனக்கு மெமோ வந்தது. நான் செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார். அந்த விளக்கம் அவருக்கு முழுத் திருப்தி அளிக்கும்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

நான்கு முறை எழுதி அனுப்பினேன். நான்கு முறையும் திருப்தி இல்லை என்று திரும்பி வந்தது. ஐந்தாவது முறை அலுத்துப்போய், என்னை அவலூர்பேட்டைக்கு டைம் கீப்பராக மாற்றிவிட்டார்கள். படிவம் மட்டும் மாறவில்லை. உங்கள் கையில் இருப்பது அதன் பேரப்பிள்ளையாக இருக்கும். மாற்ற உங்களால் முடியாது. ஆனால் அதை நீட்டுவதற்கு முன்னால், நாங்கள் செய்தது போதுமா என்று ஒரு வார்த்தை வாயால் கேளுங்கள். அது நாம் செய்ததைப் பற்றிய கேள்வி, அவர்கள் பதில் சொல்ல முடியும். அவர்கள் மனசு எப்போது நிறையும் என்பது அவர்களுக்கே தெரியாது.

அவலூர்பேட்டையில் நான் மேசை போட்டு உட்கார்ந்த முதல் நாள், மாலை வண்டியிலிருந்து ஏழுமலை குதித்தான். என்னைப் பார்த்து வாய் பிளந்தான்.

“இன்னாண்ணா, இங்க தள்ளிட்டாங்க? இன்னா பண்ணே?”

“ஒரு வார்த்தையைத் தப்பா எழுதிட்டேன்டா.”

“ஒத்த வார்த்தைக்கா?” அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இரண்டு பேர் ஜன்னல் இருக்கைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். “அப்ப நான் ஒரு நாளைக்கு வண்டியில பேசற பேச்சுக்கு என்னை இமயமலைக்கில்லண்ணா மாத்தணும்,” என்றவன், அவர்களை ஒரு பிடி பிடிக்க உள்ளே ஏறினான்.